மக்கள் தொடர்பும் விருது விண்ணப்பமும்

பிறர் செய்த நற்பணியை உலகறியச் சொல்லுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மக்கள் தொடர்புத் துறையினர். ஆயினும், தம் பணியைத் தாமே எடுத்துரைத்து விருது கேட்க வேண்டிய வேளையில் அவர்களுள் பலர் தடுமாறுகின்றனர். இது வியப்பாக இல்லையா?

நம் சங்கத்திலிருந்து பட்டம் பெற்றுச் சென்ற நண்பர் ஒருவர் இன்று அத்துறையில் இருக்கிறார். விருதுப் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குமுன், "நாள்தோறும் பரிசோதனைக் குறிப்பு எழுதுகிறவன் நீ. இதை எப்படி எழுதலாம், சொல்" என்று என்னைக் கேட்டார். காசியில் இரசாயனம் பயிலும் நான் அவருக்குச் சொன்னவற்றையே இங்கு வரைகின்றேன்.

நம் நாட்டில் 1958இல் தோன்றிய இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் இத்துறைக்கு விருதுகள் வழங்கி வருகிறது. அமெரிக்காவில் 'சில்வர் ஆன்வில்', அதாவது வெள்ளிப் பட்டடை, என்னும் விருது புகழ் பெற்றது. பொதுமக்கள் கருத்து உருப்பெறும் பட்டடை என்பது அப்பெயரின் பொருள். அதன் நடுவர்கள் ஆராய்ச்சி, திட்டம், செயல், மதிப்பீடு என்னும் நான்கையும் நோக்குகின்றனர். இந்நான்கும் விஞ்ஞான மாணவனுக்குப் புதியனவா? ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் இதுதானே!

ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். நான் இப்போது வாழும் உத்தரப் பிரதேசத்தில் நிகழ்ந்தது அது. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1995இல் நாடெங்கும் சொட்டு மருந்து இயக்கம் தொடங்கிற்று. ஆனால் இம்மாநிலத்தின் சில பகுதிகளில், அம்மருந்து குழந்தைகளை மலடாக்கும் என்னும் வதந்தி பரவியது. மருந்து வாசல்வரை வந்தும் பெற்றோர் சிலர் கதவை அடைத்தனர். இங்கே தோற்றால் இழப்பது குழந்தையின் கால்களை அல்லவா?

அவ்வேளையில் சுவரொட்டிகளை மேலும் அச்சிட்டால் போதுமா? போதாது. எந்தத் தெருவில் மறுக்கின்றனர், ஏன் மறுக்கின்றனர், யார் சொன்னால் கேட்பர் என்பவற்றை முதலில் அறிய வேண்டும். இதுவே ஆராய்ச்சி. அவ்வாறு அறிந்தபின், அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்கள் ஊழியர்களாக அமர்த்தப்பட்டு வீடு வீடாகச் சென்றனர். மதப் பெரியோர்களும் மக்களிடம் எடுத்துக் கூறினர். இவை திட்டமும் செயலும் ஆகும்.

இனி மதிப்பீடு. மருந்து கொடுக்கச் சென்றவர்கள் வீட்டுச் சுவரில் குறியிட்டனர். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டுக்குப் 'பி' என்னும் ஆங்கில எழுத்து. ஒரு குழந்தையேனும் விடுபட்ட வீட்டுக்கு 'எக்ஸ்'. எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை துண்டுப்பிரசுரம் வழங்கினோம் என்பன நாம் செய்தவை. எத்தனை 'எக்ஸ்' வீடுகள் 'பி' வீடுகள் ஆயின என்பதே அதனால் விளைந்தது. விண்ணப்பத்தின் உயிர் இவ்வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பத்திரிகையில் வந்த செய்தியை அங்குலக் கணக்கில் அளந்து, அத்தனை இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கி, "இத்தனை இலட்சம் ரூபாய் மதிப்பு" என்று எழுதுவது பழைய வழக்கம். 2010இல் பார்சிலோனா நகரில் கூடிய இத்துறையினர், அத்தொகை மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று வரையறுத்தனர். செய்தி வெளிவந்ததையன்றி, அதனால் நிகழ்ந்த மாற்றத்தையே அளக்க வேண்டும் என்பதும் அவர்கள் கொள்கை.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் 2009இல் 741 பேருக்கு இந்நோய் கண்டது. 2010இல் அது 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச்சில் நாடு இந்நோயற்றதெனச் சான்று பெற்றது. இவ்வீழ்ச்சி முழுவதும் பிரசாரத்தால் வந்தது என்று எழுதலாமா? 2010இன் தொடக்கத்தில் இருவகைக் கிருமிகளை ஒருங்கே எதிர்க்கும் புதிய சொட்டு மருந்தும் வந்துவிட்டதே! இரு பொருள்களை ஒரே வேளையில் மாற்றிவிட்டு, விளைவு முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுதுவதை எந்த ஆசிரியரும் ஒப்பமாட்டார். நடுவரும் ஒப்பமாட்டார். நோயைத் தடுத்தது மருந்து. குழந்தையை மருந்திடம் சேர்த்ததில் பிரசாரத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்குக்குச் சுவர்க் குறிகளே சான்று. உரிமை கோரும் எல்லை சுருங்கச் சுருங்க, விண்ணப்பத்தின் வலிமை பெருகும்.

இனி, எழுதுவோர் கருத்தில் வைக்க வேண்டியவை சில.

முதலாவது, போட்டியின் விதிகளையும் பிரிவுகளையும் ஊன்றிப் படித்து, பணிக்குப் பொருந்தும் பிரிவைத் தேர்க.

இரண்டாவது, குறிக்கோளை எண்ணோடு எழுதுக. "விழிப்புணர்ச்சி ஊட்டுதல்" என்பது குறிக்கோள் ஆகாது. யாரிடத்தில், எந்த மாற்றம், எவ்வளவு, எந்த நாளுக்குள் என்பன விளங்க வேண்டும்.

மூன்றாவது, பணி தொடங்குமுன்னரே முன்னளவு எடுத்து வைக்க. நீர் கொதித்த பிறகு வெப்பமானியை நுழைத்து, எத்தனை டிகிரி ஏறிற்று என்று கூற முடியுமா? ஆகவே நல்ல விண்ணப்பம் பணியின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

நான்காவது, செலவையும் இடையூறுகளையும் மறையாது கூறுக. குறைந்த பொருளில் நிறைந்த பயன் கண்டது பெருமையே அன்றோ?

ஐந்தாவது, சுருக்கவுரையில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் இணைப்பில் சான்று இருக்கட்டும். அடைமொழிகளைக் குறைக்க. "மாபெரும் வெற்றி" என்னும் தீர்ப்பை நடுவருக்கே விட்டுவிடுக.

இறுதியாக, அப்பணியை அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்க. அவர் எந்த இடத்தில் நின்று வினவுகிறாரோ, அந்த இடத்தைத் திருத்துக.

விருது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் இவ்வாறு எழுதப்பெற்ற விண்ணப்பம் வீண்போகாது. நாளை வேறோர் ஊரில், வேறொரு வதந்தியின் எதிரே நிற்கும் ஊழியர் அதைப் படித்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அறிந்துகொள்வார். அடைத்த கதவு ஒன்று அதனால் திறக்குமாயின், அதைவிடப் பெரிய பரிசு வேறு உண்டோ?