மாதம் பத்து வெள்ளியும் மனத்தின் கணக்கும்



சம்பள நாள் மாலையில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். "இந்த மாதமாவது கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டும்" என்று சொல்லிக்கொள்கிறோம். மாதக் கடைசியிலோ மளிகைக் கடைக் கணக்குதான் மிஞ்சுகிறது. நமக்குப் பொறுப்பில்லையா? அப்படியல்ல. முடிவெடுக்கும் வேளையில் நம் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். நம் பேராக் மாநிலத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்து வீடும் போகும். அந்த நெருக்கடியில்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

பால்மரம் வெட்டுகிறவர் தோட்டம் வாங்குவதா? இலட்சக்கணக்கான வெள்ளி என்று கேட்டவுடனே, "இது நம்மால் ஆகாது" என்று மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் ஒரு பங்கு 100 வெள்ளி, அதையும் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றபோது அந்தக் கதவு திறந்தது. 1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தாயிற்று. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன.

இதில் மனத்தை அசைத்தவை எவை? பெரிய தொகை சிறு தவணையாகியது ஒன்று. பக்கத்து வீட்டாரும் சேருகிறார் என்ற தைரியம் இரண்டு. நம் மொழி பேசுகிற, நமக்குத் தெரிந்த ஒருவர் தோட்டந்தோட்டமாக வந்து நேரில் சொன்னது மூன்று.

இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அன்று நம்மைத் தூக்கிவிட்ட அதே மூன்றும் இன்று நம்மைக் கவிழ்க்கவும் பயன்படுகின்றன. தவணைக்குப் பொருள் விற்பவர் என்ன சொல்கிறார்? "மாதம் 80 வெள்ளிதான். உங்கள் வரிசையில் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். உங்கள் மாமாவே சொல்லித்தான் வந்தேன்." அதே மூன்று சாவிகள்! ரொக்க விலை 1,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 80 வெள்ளி வீதம் 36 மாதம் கட்டினால் 2,880 வெள்ளி ஆகிறது. கூடுதல் 1,080 வெள்ளி. மனம் 80ஐ மட்டும் பார்க்கிறது, 36ஐப் பார்ப்பதில்லை. குறுகிய காலத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டும் மோசடிக்காரர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள்.

மனத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. டேனியல் கானமன், ஆமோஸ் டுவர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில் அதை விளக்கினார்கள். 50 வெள்ளி கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, கையிலிருக்கும் 50 வெள்ளி போனால் வரும் வருத்தம் பெரிது. கைக்கு வந்த சம்பளத்திலிருந்து சேமிப்புக்கு எடுப்பது இழப்பைப் போல வலிப்பதும் இதனால்தான். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி நமக்கு வலிக்காமல் வளர்கிறதே, ஏன்? பணம் நம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது.

இதே வழியை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் சோதித்துப் பார்த்தார்கள். "இன்று எதையும் தரவேண்டாம், அடுத்த சம்பள உயர்வில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு ஒதுக்க இன்றே சம்மதியுங்கள்" என்றார்கள். அப்படிச் சம்மதித்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

சம்பளம் போதாத குறையை மனோதத்துவம் தீர்த்துவைக்காது என்பது உண்மைதான். நியாயமான கூலி கேட்பது தனிக் கடமை. ஆயினும் வருகிற வெள்ளி வழியில் சிந்தாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து குடியேறிய குடும்பமானாலும், இன்னும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பமானாலும் மூன்று பழக்கங்கள் போதும். மகனோ மகளோ வேலைக்குச் சேர்ந்தால், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே எவ்வளவு சேமிப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்வோம். சம்பளம் உயரும்போது அந்த உயர்வில் பாதியை உடனே வங்கிக்கு அனுப்புவோம். யார் எதை விற்க வந்தாலும், "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, தாளில் எழுதி, ஓர் இரவு கழித்தே பதில் சொல்வோம். காத்திருக்க மறுக்கும் வியாபாரியை வாசலோடு அனுப்பிவிடுவோம்.

பத்து வெள்ளி பெரிய தொகையல்ல. அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அன்று நம் பெரியவர்கள் கட்டிய பத்து வெள்ளி தோட்டமாயிற்று. இன்று நாம் கட்டும் பத்து வெள்ளி என்னவாகப் போகிறது? அடுத்த சம்பள நாளுக்கு முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யோசிப்போம்.