எந்தத் தண்ணிக்கு எந்த மெஷின்?

மதுரையில் பழங்காநத்தம், வசந்த நகர், ஜெய்ஹிந்துபுரம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்குகிறது. மாநகராட்சிக் குழாயில் வருவது வைகைத் தண்ணீர். அதை ‘நல்ல தண்ணி’ என்று குடத்திலும் சம்ப்பிலும் பிடித்துவைத்துச் சமையலுக்கும் குடிப்பதற்கும் செலவழிப்பார்கள். மற்றது போர்வெல் தண்ணீர், அதாவது ‘உப்புத் தண்ணி’. மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவது பெரும்பாலும் இதைத்தான். குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் இறங்கி வருவதும் இதுவே.

பைபாஸ் ரோட்டுக் கடைகளில் மெஷின் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம், தவணை எவ்வளவு என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் என்ன தண்ணீர் இருக்கிறது என்ற பேச்சு அங்கே அதிகம் எழுவதில்லை. ஆனால் அந்த மெஷின் பழுதாகிப் பார்க்க வரும் மெக்கானிக்கின் முதல் கேள்வி, “போர் தண்ணியாக்கா?” என்பதுதான். அந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால் பணமும் தண்ணீரும் மிஞ்சும்.

மதுரைக்கு அடியில் இருப்பவை நைஸ், சார்னகைட் போன்ற கடினப் பாறைகள். மழைநீர் இவற்றின் வெடிப்புகளில் மெல்ல இறங்கித் தங்கும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இவற்றின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டு நிலவரத்தை அறிய ஒரு எளிய சோதனை போதும். ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீரையும் இன்னொன்றில் குழாய்த் தண்ணீரையும் பாதியளவு ஊற்றுங்கள். குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு இரண்டிலும் போட்டுக் குலுக்குங்கள். மென்னீரில் நுரை நிற்கும். கடின நீரிலோ நுரை அடங்கி, திரிந்த பாலைப் போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டதால் உண்டான படிவு அது. அவ்வளவு சோப்பும் அழுக்கைத் தொடாமலே வீணானது என்று பொருள்.

1959-இல் சர்ஃபும் 1969-இல் நிர்மாவும் வந்தபோது இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது. டிடர்ஜென்ட் மூலக்கூறு சோப்பைப் போல அவ்வளவு சீக்கிரம் கால்சியத்திடம் சிக்குவதில்லை. என்றாலும் முழுமையாகத் தப்பிப்பதும் இல்லை. அதனால்தான் பவுடரில் சலவை சோடாவையும், பல தயாரிப்புகளில் சியோலைட் என்ற தாதுவையும் கலக்கிறார்கள். சியோலைட் கால்சியத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். சோடா, கால்சியத்தைச் சுண்ணாம்பாக மாற்றி ஒதுக்கும். ஒதுக்கிய சுண்ணாம்பு கழிவுநீரோடு போனால் நல்லது. பருத்தி இழைகளுக்குள் தங்கிவிட்டால் துண்டு மொரமொரப்பாகி ஈரத்தை உறிஞ்ச மறுக்கும், வெள்ளை வேட்டி நாளாக நாளாக மங்கும். அது கம்பெனியின் குற்றமும் இல்லை, துவைத்தவரின் குற்றமும் இல்லை.

வாஷிங் மெஷின் வரலாற்றில் பழங்காநத்தத்துக்கு ஒரு சிறு உறவு உண்டு. பக்கத்திலேயே இருக்கிற டி.வி.எஸ். நகருக்குப் பெயர் தந்த மதுரைக் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன், 1987-இல் அமெரிக்காவின் வேர்ல்பூலோடு கூட்டுச் சேர்ந்தது. டி.வி.எஸ். வேர்ல்பூல் என்ற பெயரில் புதுச்சேரி ஆலையில் தானியங்கி மெஷின்கள் தயாராயின. வீடுகளில் துவைகல் இருந்த இடத்துக்கு மெஷின் வரத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. எல்லாக் குடும்பத்துக்கும் இலவச வாஷிங் மெஷின் தருவதாக அறிவித்தது. ஆட்சி மாறியதால் அது நடக்கவில்லை. ஆனால் மிக்ஸி, கிரைண்டருக்கு அடுத்த வீட்டுத் தேவையாக இது வளர்ந்துவிட்டதற்கு அந்த அறிவிப்பே சாட்சி.

இப்போது மெஷின்களுக்கு வருவோம். செமி ஆட்டோமேட்டிக்கை ஏழை வீட்டுப் பொருள் என்று தள்ளுவது எனக்கு ஏற்புடையதில்லை. அதன் தொட்டிக்குள் சுழலும் தட்டுக்குப் பல்சேட்டர் என்று பெயர். ஜப்பானில் சான்யோ 1953-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷின் இவ்வகையைச் சேர்ந்தது. தட்டு இப்படியும் அப்படியும் திரும்பும்போது நீர் சுழன்று துணியைத் தேய்க்கிறது. இரண்டாவது தொட்டியான டிரையரில்தான் இதன் உண்மையான திறமை இருக்கிறது. அந்தக் கூடை சிறியது. ஆரம் சுமார் 12 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1300 சுற்று என்று வைத்துக் கணக்கிட்டால், துணியிலுள்ள நீரை வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 225 மடங்கு. இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள முழுத் தானியங்கி டாப் லோட் மெஷின், 24 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம்மை 700 சுற்றில் சுழற்றும்போது கிடைப்பது சுமார் 130 மடங்குதான். செமியில் பிழிந்த துணி சீக்கிரம் உலர்கிறது என்று அம்மாக்கள் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. சித்திரை வெயிலில் இந்த வேறுபாடு தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் கொடி கட்டும்போது நன்றாகத் தெரியும்.

தண்ணீரை எவ்வளவு விடுவது, எத்தனை முறை அலசுவது என்பதையெல்லாம் செமியில் துவைப்பவரே முடிவு செய்கிறார். வெள்ளைத் துணியைத் துவைத்த சோப்பு நீரிலேயே அடுத்து நிறத்துணி, கடைசியில் கால்மிதி என்று மூன்று முறை எடுக்கிற குடும்பங்கள் உண்டு. வாளியில் நல்ல தண்ணி கொண்டுவந்து துவைக்கும் சுற்றுக்கு மட்டும் ஊற்றவும் முடியும். குழாயில் அழுத்தம் இல்லையே என்ற கவலையும் இல்லை. கரண்ட் போனால் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். பழுதானால் டைமர், பெல்ட், மோட்டார் என்று தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும் உதிரிகள்.

குறைகளும் கனமானவை. ஐந்தரை மீட்டர் புடவை பல்சேட்டரில் சிக்கினால் கயிறாக முறுக்கிக்கொள்ளும். கரை பிரிந்துவிடும், வலைப்பை அவசியம். நீர் கோத்த பெட்ஷீட்டைத் தூக்கி டிரையருக்கு மாற்றுவது முதுகுவலிக்காரர்களுக்குத் தண்டனை. மேலும் மெஷின் ஓடும் நேரம் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். மதுரை வீடுகளில் அந்த ஒருவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்ணிடம் செமியின் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. அவர் நேரத்துக்கும் விலை உண்டு.

டாப் லோட் தானியங்கி அந்த நேரத்தைத் திருப்பித் தருகிறது. குனியாமல் போடலாம், எடுக்கலாம். பாதியில் நிறுத்தி விட்டுப்போன சட்டையைச் சேர்க்கலாம். ஆனால் துணி முழுக்க மூழ்க வேண்டியிருப்பதால், ஏழு கிலோ மெஷின் ஒரு முறைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதே அளவு பிரண்ட் லோட் 50 முதல் 60 லிட்டரில் முடித்துவிடும். வாரம் நான்கு முறை துவைக்கும் வீட்டில் வித்தியாசம் 260 லிட்டர்வரை வரும். பதினைந்து லிட்டர் குடத்தில் சுமந்தால் பதினேழு குடம். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும்.

பிரண்ட் லோட் இவ்வளவு குறைந்த நீரில் துவைப்பது எப்படி? டிரம் கிடைமட்டமாகச் சுழலும்போது துணி மேலேறி, உச்சியிலிருந்து கீழே விழுகிறது. கல்லில் அடிக்கிற வேலையைப் புவியீர்ப்பே செய்துகொடுக்கிறது. 24 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம் நிமிடத்துக்கு 61 சுற்றை எட்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், விழாது. அதனால் துவைக்கும்போது 45, 50 சுற்றுக்குள்ளேயே ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். துணியைத் திணித்துவிட்டால் விழ இடமில்லை. பவுடரை அள்ளிக் கொட்டினால் நுரை மெத்தையாகி அடியைத் தடுத்துவிடும். இந்த இரண்டு தவறும் இல்லாவிட்டால் பருத்திக்கும் புடவைக்கும் இதுதான் மென்மையானது. பிழிவதிலும் 1200 சுற்றில் 385 மடங்கு விசை கிடைக்கிறது.

இதை வைத்து ‘பிரண்ட் லோட்தான் சிறந்தது’ என்று வெளிநாட்டில் முடித்துவிடலாம். பழங்காநத்தத்தில் முடிக்க முடியாது. கடின நீர் இந்த மெஷினைத் தாக்குவது இரண்டு இடங்களில்.

முதலாவது ஹீட்டர். கடின நீரைச் சூடாக்கினால் அதிலுள்ள பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாக ஹீட்டர் கம்பியின்மேல் படியும். படிவு தடிக்கத் தடிக்க வெப்பம் நீருக்குப் போகாது, கம்பி உள்ளேயே வெந்து அறுந்துபோகும். குழாயில் பத்து, பதினைந்து டிகிரியில் தண்ணீர் வரும் ஐரோப்பாவில் ஹீட்டர் தவிர்க்க முடியாதது. நமக்கு வருவதோ முப்பது டிகிரி. மே மாத மதியத்தில் கறுப்புத் தொட்டியிலிருந்து இறங்குவது வெந்நீர்தான். பதினைந்து லிட்டரை 30-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் ஆகும். அன்றாடத் துணிக்கு அது தேவையில்லை. ‘காட்டன்’ என்று அமுக்கினால் சில மெஷின்கள் தாமாகவே 40 அல்லது 60 டிகிரியில் நிற்கும். அதைக் ‘கோல்டு’க்கு மாற்றிவிடுங்கள். சுங்குடிச் சேலையின் சாயத்துக்கும் அதுவே பாதுகாப்பு. நோயாளியின் துணி, தலையணை உறை, எண்ணெய்ப் பிசுக்கேறிய துண்டு, இவற்றுக்கு மட்டும் சூடு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம் கண்ணுக்குத் தெரியாது. டிரம்மின் முதுகில் மூன்று கைகளோடு ஓர் உலோகத் தாங்கி இருக்கிறது. மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். டிரம் துருப்பிடிக்காத எஃகு, ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அதன் மேலுள்ள ஆக்ஸைடு காப்பை டிடர்ஜெண்டின் காரமும் கரைக்கிறது. சில வருடங்களில் ஒரு கை முறிந்து, பிழியும்போது மெஷின் கடகடவென்று நடக்கத் தொடங்கும். டிரம்மோடு மாற்றினால் புது செமி வாங்கும் விலை வந்துவிடும். உப்பு கூடுதலாக உள்ள போர்த் தண்ணீரில் இதுதான் நான் கண்ட மிகப் பெரிய ஆபத்து.

ஆனால் நியாயத்தையும் சொல்லவேண்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில், 120 லிட்டர் குடிக்கும் டாப் லோட் வழியே ஒரு முறைக்கு 48 கிராம் சுண்ணாம்பு அளவுக்கு உப்பு போகிறது. 55 லிட்டர் குடிக்கும் பிரண்ட் லோட் வழியே 22 கிராம்தான். துணிக்கு வரும் சேதம் குறைவு, மெஷினுக்கு வரும் சேதம் அதிகம். எதைக் காப்பாற்றுவது என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அழுத்தம் இன்னொரு வில்லங்கம். தானியங்கி மெஷின்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 பார் நீரழுத்தம் வேண்டும். ஒரு மீட்டர் உயரம் 0.1 பார் தரும். ஆக, மெஷின் குழாய்க்கு மேலே மூன்று மீட்டரில் தொட்டி இருக்கவேண்டும். கீழ்வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை. தொட்டிக்கு நேர் கீழே மாடியில் குடியிருப்பவருக்குத்தான் தண்ணீர் ஏறாமல் மெஷின் ‘எரர்’ காட்டி நிற்கும். பெரும்பாலும் அது மெஷின் பழுது இல்லை. தொட்டியை ஸ்டாண்டு போட்டு உயர்த்தினால் தீரும், அல்லது சிறிய பிரஷர் பம்பு வைக்கலாம். இன்லெட் வலையில் மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

பிரண்ட் லோட் வைத்திருப்பவர்கள் துவைத்து முடித்ததும் கேஸ்கெட் மடிப்பைத் துடைத்து, கதவைத் திறந்தே வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் திறந்த டிரம்மின்மேல் கண் இருக்கட்டும். எலி புகுந்து வயரைக் கடிப்பது எல்லா மெஷினுக்கும் பொது. அடித்தட்டு மூடியிருக்கிறதா என்று வாங்கும்போதே குனிந்து பாருங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி போடாமல் சிட்ரிக் அமிலம் இட்டு ஓட்டினால் சுண்ணாம்பு கரையும். அப்போது பிளீச்சிங் பவுடர் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும்.

சோப்புச் சோதனையில் உங்கள் தொட்டித் தண்ணீர் திரிந்தால், பகலில் வீட்டில் ஆளும் இருந்தால், செமியே போதும். மிச்சப் பணத்தில் நல்ல டிரையர் உள்ளதாகப் பாருங்கள். ஆள் இல்லை, தண்ணீர் மட்டும் தாராளம் என்றால் டாப் லோட். தொட்டிக்கு மாநகராட்சித் தண்ணீர் ஏறுகிறது, அல்லது தரமான மென்னீராக்கி பொருத்தியிருக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் பிரண்ட் லோட். குழாய்முனையில் மாட்டும் சிறிய உருளைகளை நம்பி மட்டும் அதை வாங்க வேண்டாம். ரெசினை உப்புக் கரைசலால் அவ்வப்போது புதுப்பிக்கும் மென்னீராக்கிதான் கால்சியத்தை உண்மையில் நீக்கும். லோயர் கேம்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் முல்லைப் பெரியாறு நீரை மதுரைக்குக் கொண்டுவருவதற்கான திட்டத்தின் தண்ணீர் எல்லாத் தெருக்களின் தொட்டிக்கும் போதுமான அளவு ஏறும்போது, இந்தத் தேர்வு பல வீடுகளில் பிரண்ட் லோடு பக்கம் சாயும்.

எந்த மெஷினாக இருந்தாலும் கடைசி அலசல் நீரைப் பிடித்துவைத்துக் கழிவறைக்கு ஊற்றலாம், வாசல் கழுவலாம். முதலில் வெளியேறும் சோப்பு நீரை மட்டும் வாழைக்கும் தென்னைக்கும் விடாதீர்கள். அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கி, நீர் இறங்காமல் செய்துவிடும்.