‘பணம் போய்ச் சேர்ந்ததா?’ யூபிஐ-யைத் திணறடித்த கேள்வி

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. முற்பகலில் தொடங்கிப் பிற்பகல் வரை நாடு முழுவதும் யூபிஐ தடுமாறியது. அதற்குச் சில நாள்கள் முன்புதான், மார்ச் 26 அன்றும், இதேபோல் சேவை பாதிக்கப்பட்டிருந்தது. வார இறுதி வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் சில்லறை தேட வேண்டியதாயிற்று.

யூபிஐ-யை நடத்தும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அதாவது என்பிசிஐ, பின்னர் காரணத்தைக் கண்டறிந்தது. பணம் அனுப்பும் கோரிக்கைகளால் அமைப்பு மூச்சுத் திணறவில்லை. ஏற்கெனவே அனுப்பிய பணம் என்ன ஆயிற்று என்று வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்டதால்தான் திணறியது. சில வங்கிகளின் கணினிகள் பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூடத் திரும்பத் திரும்ப விசாரித்துக்கொண்டிருந்தன.

கடையில் ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து 40 ரூபாய் செலுத்துகிறீர்கள். கூகுள் பே, போன்பே போன்ற செயலிகள் வங்கிகள் அல்ல. ஏதாவதொரு கூட்டாளி வங்கியின் வழியாகத்தான் அவை யூபிஐ-க்குள் நுழைய முடியும். அந்த வங்கி கோரிக்கையை என்பிசிஐ-யின் மையத்துக்கு அனுப்பும். மையம் உங்கள் வங்கியிடம் ‘40 ரூபாயைக் கழி’ என்று சொல்லும். கடைக்காரரின் வங்கியிடம் ‘40 ரூபாயைச் சேர்’ என்று சொல்லும். இரு பக்கத்திலிருந்தும் பதில் வந்த பிறகே உங்கள் திரையில் பச்சை நிற டிக் தோன்றும்.

இந்த உரையாடல் எல்லாம் நடப்பது ஏபிஐ என்ற ஏற்பாட்டின் மூலம். எந்தக் கேள்வியை எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவத்தில் வரும் என்று இரண்டு மென்பொருள்கள் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. பணம் செலுத்த ஒரு ஏபிஐ, இருப்பு பார்க்க ஒன்று, கைப்பேசி எண்ணோடு இணைந்த கணக்குகளைக் காட்ட இன்னொன்று, பரிவர்த்தனையின் நிலையை அறிய வேறொன்று. இவை அத்தனையும் ஒரே மையத்தின் வழியாகத்தான் போய் வருகின்றன. ஆகவே, ஒரு ரூபாயும் நகராத வெறும் விசாரிப்புக்கும் மையத்தின் நேரமும் திறனும் செலவாகின்றன. செயலியைப் பயன்படுத்தும் நமக்கு இது தெரிய வேண்டியதில்லை. செயலியை எழுதுகிறவர்களும் இதை மறந்துவிடும்போதுதான் சிக்கல்.

பதில் ஐந்து விநாடி தாமதமானால் மீண்டும் கேள் என்று ஒரு வங்கியின் நிரலில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தவறாகத் தோன்றாது, பொறுப்பான வேலை என்றுகூடத் தோன்றும். ஆனால் மையம் ஒரு நிமிடம் மந்தமாகி ஒரு லட்சம் பரிவர்த்தனைகள் தொங்கி நின்றால், அந்த நிமிடத்துக்குள் 12 லட்சம் விசாரிப்புகள் வந்து குவியும். ஏற்கெனவே மந்தமாக இருக்கும் மையம் மேலும் மந்தமாகும். தாமதம் கூடக் கூடக் கேள்விகளும் கூடும். பேருந்து வரவில்லை என்று பயணிகள் அனைவரும் டைம் கீப்பரைச் சூழ்ந்துகொண்டால், அவரால் நிற்கிற வண்டியைக்கூட அனுப்ப முடியாமல் போவதுபோல.

இத்தகைய கோளாறு வழக்கமான சோதனைகளில் அகப்படாமல் நழுவிவிடும். இன்று மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பையும் தானியங்கிச் சோதனைகள்தான் முதலில் பரிசோதிக்கின்றன. சரியான கோரிக்கைக்குச் சரியான பதில் வருகிறதா, தவறான பின் எண்ணை மறுக்கிறதா என்பன போன்ற நூற்றுக்கணக்கான கேள்விகளை மனிதர் தலையிடாமலே சில நிமிடங்களில் சரிபார்த்துவிடும். ஆனால் அந்தச் சோதனையில் எதிர்முனையில் இருப்பது பெரும்பாலும் ஒரு போலி சர்வர். கேட்டவுடன் பதில் சொல்லும் சமர்த்துப் பிள்ளை. அங்கே நிரல் தேர்ச்சி பெறும். பதிலே சொல்லாத சர்வர், அரைகுறையாகச் சொல்லும் சர்வர், ஒரு நிமிடம் கழித்துச் சொல்லும் சர்வர் ஆகியவற்றின் முன்னால் அதே நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிக்கத் தனி முயற்சி வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சொந்த சர்வர்களையே கண்டபடி நிறுத்திப் பார்க்க ‘கேயாஸ் மங்கி’ என்ற மென்பொருளை உருவாக்கி, 2012-இல் அதன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பணம் சம்பந்தப்பட்ட துறையில் இந்தக் குறும்பு அவசியமானது என்பேன்.

ஏப்ரல் தடுமாற்றத்துக்குப் பின் என்பிசிஐ விதிகளை இறுக்கியது. பரிவர்த்தனை தொடங்கிச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே நிலையை விசாரிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் மூன்று முறைதான். குறிப்பிட்ட சில பிழைக் குறியீடுகள் வந்தால் பரிவர்த்தனை தோற்றதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி கேட்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறை மட்டுமே இருப்பு பார்க்கலாம். இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறை பார்க்கலாம். தானாகக் கழிக்கப்படும் தவணைகளும் சந்தாக்களும் காலை 10 முதல் பகல் 1 மணி வரையிலும் மாலை 5 முதல் இரவு 9.30 வரையிலும் உள்ள நெரிசல் நேரங்களைத் தவிர்க்க வேண்டும். மீறும் வங்கிகளின் ஏபிஐ பயன்பாட்டைக் கட்டுப்படுத்தவும், புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்கவும் என்பிசிஐ-யால் முடியும்.

செய்திகளில் அதிகம் அடிபட்டது 50 முறை விதிதான். ஒரு நாளில் 50 முறை இருப்பு பார்க்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த வரம்பு சாதாரணப் பயனரைத் தொடுவது அபூர்வம். உண்மையில் கனமான விதி, நிலையை விசாரிக்கும் முன் காத்திருக்க வேண்டும் என்பதுதான். அதோடு, ஒவ்வொரு வெற்றிகரமான பரிவர்த்தனைக்குப் பிறகும் மீதி இருப்பை வங்கியே தெரிவிக்க வேண்டும் என்றொரு விதியும் உண்டு. கேள்வியைத் தடுப்பதைவிடக் கேள்விக்கான தேவையைப் போக்குவது நல்ல பொறியியல்.

இத்தனை கவனம் ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் யூபிஐ முதன்முறையாக ஒரு மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. சராசரியாக விநாடிக்கு 7,400-க்கும் மேல். நள்ளிரவையும் சேர்த்த சராசரி இது. மாலை ஏழு மணிக்கு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வாசகர்கள் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு. திரையில் ‘நிலுவையில்’ என்று வந்தால், அவசரப்பட்டு அதே தொகையை மறுபடி அனுப்ப வேண்டாம். தனிநபருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து எதிராளிக்குச் சேரவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் அது திரும்பி வர வேண்டும். கடைகளுக்குச் செலுத்திய பணம் என்றால் ஐந்து நாள்கள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவு. தாமதமானால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.