சுருதி பிசகினால் சொல்வது யார்?
கடல் கடந்து கேட்கும் ஸ்டீல் கிட்டார் வாத்தியக்காரர்கள்

கல்யாண வீட்டு மைக் செட்டில் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது. பாடகர் மூச்சு விடும் இடத்தில் ஒரு வாத்தியம் புகுந்து, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அழுகிறதா, கொஞ்சுகிறதா என்று சொல்ல முடியாத ஒரு குழைவு! கேட்டிருப்பீர்கள். "வீணை" என்பார் ஒருவர். "வயலின்" என்பார் மற்றவர். இரண்டும் இல்லை. அது ஸ்டீல் கிட்டார்.

கிட்டாரை மடியில் படுக்க வைத்து, விரலால் தந்தியை அழுத்தாமல், வழவழப்பான ஓர் இரும்புத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிப்பதுதான் இந்த வித்தை. இதிலேயே கால் மிதியும் முழங்கால் நெம்புகோலும் வைத்த பெரிய வகைக்குப் பெடல் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் இதன் வாத்தியக்காரர்கள், தாங்கள் வாசித்ததைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். கைதட்டலுக்காக மட்டும் அல்ல. அதற்கு வேறொரு காரணமும் உண்டு.

கைகாட்டி மரமும் பெடலும்

முன்பெல்லாம் ரயில்வே கேபினில் ஆள் லீவரை இழுத்தால், தண்டவாளத்து ஓரமாக ஓடும் கம்பி இழுபட்டு, தூரத்தில் கைகாட்டி மரத்தின் கை இறங்கும். பெடல் ஸ்டீலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். வாசிப்பவர் காலால் பெடலை மிதித்தால், அடியில் உள்ள கம்பிகள் இழுபட்டு, குறிப்பிட்ட தந்தி மட்டும் முறுக்கேறி அதன் சுருதி உயரும். பக்கத்துத் தந்தி அப்படியே நிற்கும். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, இன்னொன்று அதன் தோளில் ஏறிப் போவது போல் கேட்கும்.

வழக்கமாக ஒரு வரிசைக்கு 10 தந்திகள். மூன்று பெடல், நான்கைந்து முழங்கால் நெம்புகோல். இடது கையில் இரும்பு, வலது கை விரல்களில் மீட்டு நகம், இடது கால் பெடலில், வலது கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதியில், இரண்டு முழங்கால்களும் நெம்புகோலில். சும்மா இருப்பது தலை ஒன்றுதான், அதுவும் சும்மா இருந்தால் காரியம் கெட்டது!

1954-ல் அமெரிக்காவில் வெப் பியர்ஸ் பாடிய "ஸ்லோலி" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதில் பட் ஐசக்ஸ் என்பவர், ஒலி நீண்டுகொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துத் தந்தியை ஏற்றி வாசித்திருந்தார். தட்டைக் கேட்ட மற்ற வாத்தியக்காரர்களுக்கு மண்டை குழம்பிற்று. இது எப்படி வந்தது என்று தேடி, தங்கள் வாத்தியத்துக்கும் பெடல் மாட்டிக்கொண்டார்கள். பட்டி எம்மன்ஸ் போன்ற மேதைகள் அதை மேலும் வளர்த்தார்கள். ஒருவர் வாசிப்பைக் கேட்டு இன்னொருவர் கற்பது இந்த வாத்தியத்தின் பிறவிக் குணம்.

தண்டவாளத்து ஓரம் கிடைத்த வித்தை

பிறப்புக் கதையே சுவையானது. ஹவாய்த் தீவில் 1874-ல் பிறந்த ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளிச் சிறுவன், ரயில் தண்டவாளத்து ஓரமாக நடந்தபோது கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தானாம். அது கையிலிருந்த கிட்டார் தந்தியில் உரச, புது நாதம் எழுந்தது என்பார்கள். பிறகு பள்ளிப் பட்டறையிலேயே அதற்கேற்ற இரும்பைச் செய்துகொண்டான். உண்மையோ, கதையோ, ரயில்வேக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு, 1880-களில் ஹோனலூலு போய்ச் சேர்ந்த கப்ரியேல் டேவியன் என்ற இளைஞர் அங்கே இப்படி வழுக்கி வாசித்துக் காட்டினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் பார்த்ததைத்தான் அவர் அங்கே வாசித்தாரா? யார் கண்டது!

ஆனால் வழுக்கி வாசிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல என்பது நிச்சயம். கோட்டு வாத்தியத்தைச் சொல்கிறோம். சித்திர வீணை என்றும் பெயர். பார்க்க வீணை போலவே இருக்கும், ஆனால் மெட்டுகள் கிடையாது. கருங்காலி உருளை ஒன்றைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்க வேண்டும். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, மைசூர் நாராயண அய்யங்கார் ஆகியோர் இதில் கொடி நாட்டியவர்கள். பாட்டுக்காரரான செம்மங்குடி சீனிவாச அய்யரே சிறு வயதில் சகாராம ராவிடம் பாடம் கேட்டவர்தான். மனிதக் குரல் போல இழைந்து வருவது இந்த வாத்தியத்தில்.

கல்கத்தாவில் நிலைமை வேறு. 1940-களில் அங்கு தங்கியிருந்த ஹவாய்க் கலைஞர் டாவ் மோ பலருக்குக் கற்றுக்கொடுத்தார். வங்காளிகள் வீட்டுக்கு வீடு ஹவாயன் கிட்டாரில் ரவீந்திர சங்கீதம் வாசித்தார்கள். வான் ஷிப்லி, சுனில் கங்கூலி ஆகியோரின் சினிமாப் பாட்டு இசைத்தட்டுகள் நாடு முழுவதும் விற்றன. பிரிஜ் பூஷன் காப்ரா அலி அக்பர் கானிடம் கற்று, அதே கிட்டாரில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் தம் மோகன வீணைக்காக 1994-ல் கிராமி விருதே வாங்கிவிட்டார்.

தெற்கே இந்தக் கூட்டம் சேரவில்லை. இங்குதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

காது ஏமாற்றும்

கங்காதர நெல்லூரில் ஒருவர் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் சித்தூரில் குமாஸ்தா வேலை. இரவில் சாதாரணக் கிட்டாரின் தந்திகளைச் சற்று உயர்த்திக் கட்டி, மடியில் வைத்து வாசிக்கிறார். சங்கீதத்துக்குப் பஞ்சமான சீமை அல்ல இது. பதங்கள் இயற்றிய சாரங்கபாணி வாழ்ந்த கார்வேட்டிநகரம் பக்கத்தில்தான். 1954-ல் சங்கீத கலாநிதி ஆன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. பாட்டுக் கற்க வேண்டுமானால் வழி உண்டு. ஆனால் இரும்பு நகர்த்தி வாசிப்பவர் பக்கத்து ஊரில் இன்னொருவர் இருப்பாரா?

வீணையில் மெட்டின் மேல் அழுத்தினால் ஸ்வரம் ஏறக்குறைய சரியான இடத்தில் பேசும். இங்கே அப்படி இல்லை. இரும்பு ஒரு நூல் தள்ளி நின்றாலும் ஸ்வரம் பிசகும். பெடல் ஸ்டீலில் கோடுகள் வரைந்திருப்பார்கள். அவை வழிகாட்டி மட்டுமே. சாய்வாகப் பார்த்தால் அந்தக் கோடும் ஏமாற்றும்.

இதைவிடப் பெரிய ஆபத்து காது. தினமும் தனியாக வாசிப்பவருக்குத் தம் பிசகு பழகிப்போகிறது. மேல் ஷட்ஜம் எப்போதும் மயிரிழை இறங்கி நின்றால், சில மாதத்தில் அதுவே சரி என்று காது ஒப்புக்கொள்ளும். வீட்டார் சொல்ல மாட்டார்கள். நண்பர்கள் "பிரமாதம்" என்பார்கள். கோவிலில் வாசித்தால் கைதட்டுவார்கள். "அண்ணே, இறங்கும்போது இரும்பை அழுத்துகிறீர்கள், அதனால்தான் ஸ்வரம் ஏறிப் போகிறது" என்று சொல்ல, அதே இரும்பைப் பிடித்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் இப்போது கல்கத்தாவிலோ, நாஷ்வில் நகரத்திலோ இருக்கலாம். நைஜீரியாவிலும் இருக்கலாம், அங்கே கிங் சன்னி அடேயின் கோஷ்டியில் டெமோலா அடெபோஜு பெடல் ஸ்டீல் வாசித்து, அதை யொருபா மக்களின் ஜூஜு இசையோடு சேர்த்துவிட்டார். செல்போனில் பதிவு செய்து அனுப்பினால் போதும். மறுநாள் காலையில் பதில் வந்து கிடக்கும். பத்துப் பேர் "அருமை" என்று எழுதியிருப்பார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, "இரண்டாவது நிமிடத்தில் என்ன ஆயிற்று?" என்று கேட்கும் ஒரே ஒருவரைத்தான் தேட வேண்டும்.

செல்போனின் குறும்பு

ஆனால் செல்போனை அப்படியே நம்பவும் கூடாது. பேசும்போது மின்விசிறி இரைச்சலை அடக்க அதில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே சீராக நீளும் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். ஸ்டீல் கிட்டாரின் உயிரே நீண்டு நிற்கும் ஒலிதான்! வீடியோ அழைப்பில் வாசித்தால் நடு ஸ்வரத்தில் சத்தம் காணாமல் போகும், தம்பூரா சுருதியும் முழுகிப்போகும். இரண்டு ஊரில் இருந்துகொண்டு சேர்ந்து வாசிப்பதும் நடக்காது. ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் தாளம் தடுமாறும். ஆகவே நேரடி அழைப்பு வேண்டாம், முதலில் பதிவு செய்து பிறகு அனுப்புவதே நல்லது என்பது அனுபவஸ்தர்கள் கண்ட வழி.

படம் எடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. முகத்துக்கு நேரே போனை வைப்பது வீண். இரும்பு நிற்கும் இடமும் மீட்டும் விரல்களும் தெரிய, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பெடல் வாத்தியமானால் காலும் தெரிய வேண்டும். கேட்பவரும் போனின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால், மந்தர ஸ்தாயித் தந்திகள் காதில் விழாது. காதில் மாட்டும் கருவி போட்டுத்தான் கேட்க வேண்டும்.

பெடல் ஸ்டீல் நம் கடைத்தெருவில் கிடைக்கும் சாமான் அல்ல. இரட்டை வரிசை வைத்தது என்றால் எடை 30 கிலோவை எட்டும். கோட்டு வாத்தியமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகக்கூடியது அல்ல. இருப்பதை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டியதுதான்.

கங்காதர நெல்லூர்க்காரர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறியை நிறுத்துகிறார். சுருதிப் பெட்டி ஓடுகிறது. போனை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டாயிற்று. வாசித்த நான்கு நிமிட மோகனம் இரவோடு இரவாக இரண்டு பேருக்குப் போகிறது. காலையில் பஸ் பிடிக்கும் முன் ஒருவரிடமிருந்து பதில்: "ராகம் நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஆனால் காந்தாரம் இரண்டு இடத்தில் குறைகிறது. முதலில் தந்தியைச் சரி பார்."

மாலையில் வந்து பார்த்தால், மூன்றாவது தந்தி இறங்கித்தான் இருக்கிறது.