நீரின் நிறத்தை அளப்போம்

சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. புறநகர்க் கழிவுநீரில் ஒரு பகுதியும் அதே வழியில்தான் செல்கிறது. வந்து சேரும் நீரின் நிலையை அறிய மிக மலிவான வழி, அதன் நிறத்தையும் தெளிவையும் அளப்பது.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற கருத்தை, 1921-ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்துக்குப் பின் சர் சி.வி.ராமன் மறுத்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். உப்பங்கழியில் மேலும் மூன்று பொருள்கள் குறுக்கிடுகின்றன. நுண்பாசி நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிப் பச்சையை விட்டுவைக்கிறது. வண்டல் ஒளியைச் சிதறடித்து நீரைக் கலங்கலாக்குகிறது. மட்கிய இலைதழைகளின் சாறு, தேநீர் வடிநீரைப்போல மஞ்சளாகக் கரைந்து நீல ஒளியை விழுங்குகிறது. இங்கேதான் செயற்கைக்கோள் ஏமாறுகிறது. நீலம் குறைந்தால் பாசி அதிகம் என்பது ஆழ்கடலுக்கான வாய்பாடு. கழியில் அது மட்குச்சாற்றையும் பாசிக் கணக்கில் சேர்த்துவிடும்.

இஸ்ரோ 1999-இல் ஏவிய ஓஷன்சாட் செயற்கைக்கோளின் ஒரு படப்புள்ளி 360 மீட்டர். முட்டுக்காட்டுக் கழி பல இடங்களில் அவ்வளவு அகலம்கூட இல்லை. எனவே கரையும் கட்டடமும் நீரோடு கலந்தே பதிவாகும். நுண்ணிய புள்ளிகள் கொண்ட கோள்கள் இன்று உண்டு. ஆனால், அவற்றின் கணிப்பைச் சரிபார்க்க யாராவது நீரில் இறங்கி அளந்தாக வேண்டும்.

அதற்கான கருவி ஒரு வெள்ளைத் தட்டும் அளவுக் குறியிட்ட கயிறும்தான். 1865-இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஏஞ்சலோ செக்கி மத்தியதரைக்கடலில் சோதித்தது. தட்டை இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். தோராயமாக அதன் இரண்டு, மூன்று மடங்கு ஆழம் வரை தாவர வாழ்வுக்குப் போதிய ஒளி செல்லும். வேம்பநாட்டுக் காயலில் கல்லூரி மாணவர்கள் விஞ்ஞானிகளுடன் இணைந்து இதைச் செய்திருக்கிறார்கள்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கவலை வேறு. ஏரிச் சீரமைப்புக்குக் கோடிகள் ஒதுக்குகிறோம். வேலைக்கு முன்னும் பின்னும் அளவு இல்லையேல், பயனை எதைக்கொண்டு மதிப்பிடுவது? நடைபாதையின் நீளத்தைக் கொண்டா? பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தகுதி பெற்றது. தகுதி கிடைத்ததால் நீர் தெளிந்துவிடாது. கலங்கல் கூடி ஒளி குறைந்தால் முதலில் அடிவாங்குவது நீரடித் தாவரம். பிறகு, அதை அண்டி வாழும் மீன்குஞ்சு, அதற்கும் பிறகு கழியில் வலை வீசுகிறவரின் வருமானம்.

இந்தத் தட்டுக்கு வரம்புகளும் உண்டு. தெளிந்த நீரிலும் கன உலோகமோ நோய்க்கிருமியோ இருக்கலாம், தட்டு அதைச் சொல்லாது. முழங்கால் ஆழக் கழியில் தட்டு மறையுமுன்பே தரை தட்டும். அங்கே அடியில் குறியிட்ட ஒளிபுகும் குழாயில் நீரை ஊற்றிப் பார்க்கலாம். தென்சென்னைக் கல்லூரிகள் மாதம் இருமுறை, நண்பகலை ஒட்டி, படகின் நிழல்பக்கத்தில் அளந்தால் போதும். ஓதமா வற்றமா, முகத்துவார மணல்திட்டு திறந்திருக்கிறதா என்பதையும் உடன் எழுத வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை வைத்து ஒரு மாதத்தை மறுமாதத்தோடு ஒப்பிட முடியாது.