பச்சை பூத்த வெள்ளி

மலேசியத் தமிழர் பேச்சில் பணத்துக்கே 'வெள்ளி' என்று பெயர். ஐந்து ரிங்கிட்டை இன்றும் ஐந்து வெள்ளி என்பர். அச்சொல் மெய்யாகவே உலோகத்தைக் குறித்த காலம் ஒன்று உண்டு. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் பழைய லயங்கள் இருந்த இடத்தை உலோகங்காட்டும் கருவியால் துழாவினால், அக்காலக் காசு அகப்படக்கூடும்.

பச்சைக் களிம்பைக் கண்டதும் செம்பென்று எறிந்துவிடத் தோன்றும். எறியலாகாது. நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு டாலர் நாணயம் 1903-இல் 26.95 கிராம் எடை; நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறவே, 1907-இல் தரம் மாறாமல் எடை மட்டும் 20.21 கிராமாகக் குறைந்தது. 1919-இலோ எடை 16.85 கிராம், வெள்ளி சரிபாதிதான். மண்ணில் பச்சை பூப்பது அதில் கலந்த செம்பே. டாலரில் ஏழாம் எட்வர்டின் தலை இருந்தால் உயர்ந்த வெள்ளி. ஐந்தாம் ஜார்ஜின் தலையாயின் பாதி வெள்ளி. ஆகவே தராசும் ஆண்டெண்ணும் போதும். புளியிட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். ஆனால் தேய்த்தால் அந்த எண்ணே மழுங்கிவிடும்.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபுச் சிறப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். அத்தகைய பொருளைத் தேடித் தோண்டுவதற்கும் உரிமம் வேண்டும்.