டில்லியும் ஸான் பிரான்ஸிஸ்கோவும்: எத்தனை தூரம், எத்தனை நேரம்?

மகனோ மகளோ கலிபோர்னியாவில் வாழும் குடும்பங்கள் டில்லி வாழ் தமிழரிடையே பல உண்டு. பேரக் குழந்தையைக் காணப் புறப்படும் முதியோர் முதலில் கேட்பது, “எத்தனை மைல், எத்தனை மணி?” என்பதே. தூரம் மிகுந்தால் நேரமும் மிகும் என்பது ரயிலுக்குப் பொருந்தும் கணக்கு. ஆகாயத்தில் அது எப்போதும் செல்லாது.

பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், இவ்விரு நகரங்களுக்கும் இடையே சுமார் 12,400 கிலோமீட்டர், அதாவது 7,700 மைல். அந்த நூல் திபெத், சைபீரியா, ஆர்க்டிக் சமுத்திரம், அலாஸ்கா வழியே ஓடும். சுவரில் தொங்கும் தேசப்படத்தையே பார்த்துப் பழகிய கண்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் விமானங்கள் திபெத்தைத் தவிர்க்கவே விரும்புகின்றன. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பிரயாணிகள் சுவாசிக்கும்பொருட்டு உடனே 10,000 அடி அளவுக்கு இறங்கவேண்டும். அங்கோ நிலமே அதற்கு மேல் உயர்ந்து நிற்கிறது.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் ஒரு புதுமை செய்தது. அதுவரை மேற்கே சென்று அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த விமானத்தைக் கிழக்கே திருப்பிப் பசிபிக்கின் மேல் செலுத்தியது. மேற்கு வழி ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். கிழக்கு வழி 15,300. இவ்வளவு சுற்றிச் சென்ற விமானம் 14½ மணி நேரத்தில் போய் இறங்கிற்று. பழைய வழியிலோ பதினாறு மணிக்கு மேலாகும்!

காரணம் காற்று. முப்பதாயிரம் அடிக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஒரு பெருங்காற்று ஓடுகிறது. எதிர்த்துச் செல்லும் விமானத்தை அது தடுக்கும். உடன் செல்வதை உந்தும். பூமி சுழல்வதால் நேரம் மாறுகிறது என்பாரும் உளர். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அவ்வாதம் நில்லாது.

அரசியலும் நேரத்தை நீட்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு அடைத்தபோது, டில்லியிலிருந்து மேற்கே செல்பவை அரபிக் கடலைச் சுற்ற நேர்ந்தது.

இனி, டிக்கெட்டில் அச்சிட்ட நேரம். அது அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அமைவது. ஸான் பிரான்ஸிஸ்கோ நம்மைவிடக் கோடையில் 12½ மணியும், குளிர்காலத்தில் 13½ மணியும் பின்தங்கியது. கோடையில் இங்கு விடியற்காலை 4 மணிக்கு ஏறிப் பதினாறு மணி நேரம் பறப்பவர், அங்கே அதே தேதியில் காலை 7.30க்கு இறங்குவார். மூன்றரை மணிப் பிரயாணம்போல் அது தோன்றும். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ வேளை தவறாமல் மருந்து உட்கொள்வோர் இக்கடிகாரத்தை நம்பினால் ஒரு வேளை தவறிப்போகலாம். எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை வைத்தியரிடம் முன்னரே எழுதி வாங்குவதும், கைக்கடிகாரத்தை இறங்கும்வரை டில்லி நேரத்திலேயே வைத்திருப்பதும் நலம். நெடுநேரம் அசையாதிருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையக்கூடுமாதலால், இடையிடையே எழுந்து நடக்கவும் வேண்டும்.

திரும்பும்போது கணக்குத் தலைகீழாகும். அங்கே திங்கட்கிழமை காலை ஏறியவர் இங்கே செவ்வாய் பிற்பகல்தான் இறங்குவார். வரவேற்கச் செல்வோர் புறப்படும் தேதியை விடுத்து, இறங்கும் தேதியையே குறித்துக்கொள்க.